ப்ளீஸ் வெயிட் என்று மட்டும் காட்டிய பாரம்

போன வாரம் சேகர் போன் செய்தான்.

"பாய், மூலைல ஒரு பழைய பெட்டி கீதே, அத்த எடைக்குப் போட்டுடலாமா? புது மெஷினுங்க வருது. வைக்க எடமில்ல."

"எந்தப் பெட்டி?"

"தெரியாத மாரி கேக்காத பாய். உன் கையெழுத்துல சீட்டு ஒட்டிக்கீது. 'அப்டேட் செய்யாதே, செய்தால் நான் மனிதனாக இருக்க மாட்டேன்'னு."

"போட்டுடு" என்றேன். சண்டைக்குத் தயாராக வந்தவனுக்கு ஏமாற்றம். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தான். "புதுப் பசங்க அது இன்னாத்துக்குன்னு கேக்குறாங்கோ பாய். ஒரு பி.டி.எஃப். தொறக்கத் தனியா ஒரு கம்ப்யூட்டரான்னு சிரிக்கிறாங்கோ. நீயே எழுதிக் குடு. நான் சொன்னா என் மேல தப்பில்லாத மாரி சொல்லிடுவேன்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். சேகர் எங்கள் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தவன், காலடிப்பேட்டைக்காரன். என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவான். பாய் என்ற ஒரு சொல்லிலேயே மரியாதை முழுவதையும் போட்டு முடித்துவிடுவான். இப்போது அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் என்றால் அவன்தான்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய வண்ணாரப்பேட்டைக்காரன், பெயர் காதர். படித்தது பத்தாவது வரை. பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஏஜெண்டிடம் டெலக்ஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். டெலக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது, ஃபேக்ஸ் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அடுத்ததைக் கற்றுக்கொண்டேன். தொழில்நுட்ப ஆர்வம், அது இது என்று இப்போது பேசுகிறார்களே, அதெல்லாம் எனக்குக் கிடையாது. பயம்தான் என் காலேஜ்.

கடைசியில் வந்து சேர்ந்த இடம் ராயபுரம் கல்மண்டபத்தில், ஐஸ் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்த ஆபீஸ். வெளிநாட்டுக் கப்பல்களுக்கு ஆள் எடுத்து அனுப்பும் கம்பெனி. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள் ஃபிட்டராக, குக்காக, இன்ஜின் அறையில் எண்ணெய் போடும் ஆயிலராக எங்கள் வழியாகக் கப்பல் ஏறினார்கள். அங்கே மேனேஜர் ரெஜினா மேடம். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர். அந்தப் பழக்கத்தை ஆபீசுக்கும் கொண்டுவந்துவிட்டார். கம்ப்யூட்டரில் ஏதாவது தகராறு என்றால் பின்னால் வந்து நின்று, "கையை எடுங்க" என்பார். கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு, "வாய்விட்டுப் படிங்க" என்பார். திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத் தொடக்கம் முதல் கடைசி வரி வரை சத்தமாகப் படிக்க வேண்டும். நடுவில் விட்டால் மறுபடி முதலிலிருந்து. ஐம்பது வயதுக்கு மேல் என்னை ஒன்றாம் வகுப்பு மாதிரி உட்கார வைத்த பெண்மணி அவர் ஒருத்தர்தான். முதல் மாதம் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டில் வந்து கத்துவேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று இரண்டு முறை சொல்லியும் பார்த்தேன். வீட்டுக்காரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் ஆபீசுக்கு லினக்ஸ் வந்ததற்குக் காரணம் பென் டிரைவ். கப்பலிலிருந்து இறங்கி வரும் ஆட்கள் எங்களுக்கு ஆசையாகச் சாக்லேட் கொண்டுவருவார்கள், கூடவே தங்கள் சர்டிஃபிகேட்டுகளைப் பென் டிரைவில் கொண்டுவருவார்கள். கப்பலில் எல்லோரும் சாப்பிடும் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும், எல்லா நாட்டுக்காரனும் அதில் பென் டிரைவைச் செருகுவான். உலகத்தில் எந்தத் துறைமுகத்தில் வைரஸ் பிறந்தாலும் அது நேராகக் கல்மண்டபத்துக்கு வந்துவிடும். ஒருநாள் காலையில் பார்த்தால் ஆட்களின் பாஸ்போர்ட் ஸ்கேன் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் வெறும் ஷார்ட்கட் ஆகிக் கிடந்தன. அன்றைக்கு ராத்திரி பிளைட் ஏற வேண்டிய ஆட்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வைரஸ் மறைத்து வைத்திருந்ததை எப்படியோ மீட்டு அவர்களை அனுப்பிவைத்தேன்.

அடுத்த நாள் மேடம் கேட்டார். "காதர், இந்த வைரஸ் ஏறாத கம்ப்யூட்டரே கிடையாதா?"

"லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு மேடம். ஆனா பழகணும்."

"டெலக்ஸ் பழகினீங்க இல்ல?"

அவ்வளவுதான் மீட்டிங். அந்த மாதமே எல்லா மெஷினிலும் லினக்ஸ் ஏறியது. சேகர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, சீட்டாட்டம் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தான்.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் மேடத்தின் வழி புரியும். ஒரு மெஷினில் பி.டி.எஃப். ரீடர் நின்றுபோனது. எடுத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். முடியாது என்று திரையில் ஏதோ வந்தது. மூடினேன். மறுபடி கொடுத்தேன், மறுபடி வந்தது, மறுபடி மூடினேன். இணையத்தில் ஒரு மகானுபாவன், ஒரு பூட்டுக் கோப்பு இருக்கிறது, அதை அழித்துவிட்டால் சரியாகும் என்று எழுதியிருந்தான். அழிக்கக் கையை வைத்தேன்.

"கையை எடுங்க. படிங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். இன்னொரு புரோகிராம் இப்போது இன்ஸ்டால் செய்துகொண்டிருக்கிறது, அது முடியும்வரை பொறுக்கவும் என்று இருந்தது.

"யார் அந்த இன்னொருத்தர்?" என்றார் மேடம்.

சேகர் காலையில் அப்டேட் ஜன்னலைத் திறந்து, அது என்னவென்று தெரியாமல் சுருக்கி அடியில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. நடுவில் நான் பூட்டை உடைத்திருந்தால் மெஷினே படுத்திருக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன், அது முடிந்திருந்தது, ரீடர் ஒழுங்காக ஏறியது. அன்றிலிருந்து கையை எடுங்க என்றால் மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிடுவேன்.

இனி சேகர் சொல்லச் சொன்ன கதை.

ஜெரோம் என்று ஒருவர், காசிமேட்டுக்காரர். ஆயிலர். பல வருஷமாகக் கரையில் இருந்தார், ஐஸ் ஃபேக்டரியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் ஆபீஸ் படி ஏறி, "இன்னா பாய், எனுக்கு எதுனா கீதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். கடைசியில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அவரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அவர்கள் புது ஆட்களுக்கு வயது வரம்பு வைத்திருந்தார்கள். ஜெரோம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார். இந்தக் கப்பலை விட்டால் அவருக்கு அப்புறம் கப்பலே கிடையாது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

கம்பெனி ஒரு விண்ணப்பப் பாரம் அனுப்பியது. பி.டி.எஃப்.தான், ஆனால் அச்சடித்துப் பேனாவால் நிரப்பும் பாரம் இல்லை. திரையிலேயே கட்டங்களை நிரப்பி, அதிலேயே உள்ள பொத்தானை அழுத்தி அனுப்ப வேண்டியது. நான் அன்றைக்கு ஆபீசில் இல்லை, என் தங்கை மகள் கல்யாணம். சேகர் அதை லினக்ஸோடு கூட வரும் ரீடரில் திறந்திருக்கிறான். ஒரே ஒரு பக்கம் வந்திருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் ப்ளீஸ் வெயிட். கீழே பொடி எழுத்தில் நாலைந்து வரி ஆங்கிலம்.

சேகர் என்ன செய்தான் தெரியுமா? அதை அச்சடித்து ஜெரோமிடம் கொடுத்துவிட்டான். "வெயிட் பண்ண சொல்லிக்கீறாங்க அண்ணே, பண்ணு" என்று.

அவனை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. எங்கள் தொழிலே அப்படி. கப்பலுக்கு வெயிட், விசாவுக்கு வெயிட், டிக்கெட்டுக்கு வெயிட், மெடிக்கலுக்கு வெயிட். எந்தக் கம்பெனியிலிருந்து எந்த மெயில் வந்தாலும் அதில் ஒரு வெயிட் இருக்கும். ஆகவே ஒரு பக்கம் முழுக்க வெயிட் என்று வந்தபோது அவனுக்குச் சந்தேகமே வரவில்லை, ஜெரோமுக்கும் வரவில்லை. இன்னும் சொல்லப்போனால், இவ்வளவு பெரிய கம்பெனி ப்ளீஸ் எல்லாம் போட்டிருக்கிறதே என்று ஜெரோமுக்குச் சந்தோஷம். ஐஸ் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டார். நடுவில் கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டாமா? அந்தக் காகிதத்தை லேமினேஷன் செய்து வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அவர் வந்தது மின்வாரியம் பராமரிப்பு என்று காலையிலிருந்து ஏரியா முழுக்கக் கரண்டை நிறுத்தியிருந்த ஒரு நாளில். ஆபீஸ் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வெயில் காலம். ஜெரோம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, பிளாஸ்டிக் பையிலிருந்து அந்த அட்டையைப் பக்குவமாக எடுத்தார்.

"ஒண்ணுமில்ல பாய். இன்னும் எத்தினி நாளு வெயிட் பண்ணணும்னு மேடத்தாண்ட கேட்டுகினு போலாம்னு வந்தேன்."

மேடம் அட்டையை வாங்கினார். வழக்கம்போல வாய்விட்டுப் படித்தார். முதல் வரியோடு நிற்கவில்லை. பொடி எழுத்தையும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கடைசி வரை படித்தார். இந்தச் செய்தி மறைந்து பாரம் வரவில்லை என்றால், உங்களிடம் உள்ள ரீடரால் இந்த வகைப் பாரத்தைத் திறக்க முடியாது, வேறு ரீடரைப் போட்டுக்கொள்ளவும் என்பதுதான் அதன் சாரம்.

சேகர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப, கம்பெனி வெயிட் பண்ண சொல்லலியா?" என்றார் ஜெரோம்.

மேடம் பாரம் வந்த மெயிலைத் திறந்தார். பாரம் வந்து சேரக் கடைசி நாள் அன்றைக்குத்தான். சாயங்காலத்துக்குள் வராவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. மேடம் அதையும் படித்துக் காட்டினார். அதை மட்டும் மனதுக்குள் படித்திருக்கலாம்.

ஜெரோம் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ஃபேக்டரிலயும் வேற ஆளு போட்டானுங்கோ மேடம்" என்றார், யாரையும் குறை சொல்லாமல். சேகரை அவர் நாலு திட்டுத் திட்டியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வேறு மாதிரி பாரம் அனுப்பும்படி மேடம் மெயில் போட்டார். இன்று அலுவலகம் இல்லை, நாளை பதில் தருகிறோம் என்று தானாகவே ஒரு பதில் வந்து விழுந்தது. நான், "பாரிமுனைல கரண்ட் இருக்கும் மேடம். பிரவுசிங் சென்டர்ல போட்டுடலாம்" என்றேன்.

"இதுல பாஸ்போர்ட் நம்பர் வருது, மாலுமிப் புத்தக நம்பர் வருது, வீட்டு விலாசம், சம்சாரம் பேர் எல்லாம் வருது. முன்ன ஒரு பையன் அப்படிப் போய் நம்பரை விட்டுட்டு வந்து, அவன் பேர்ல யாரோ போலியா ஆள் சேர்த்தது மறந்துபோச்சா? இந்த ரூமை விட்டு வெளிய போகாது காதர். இங்கயே தொறங்க."

இங்கேயே திறப்பது எப்படி? அந்த வகைப் பாரத்தைத் திறக்கத் தெரிந்தது ஒரே ஒரு ரீடர். அதைச் செய்த கம்பெனி லினக்ஸுக்குத் தருவதை எப்போதோ நிறுத்திவிட்டது. நல்லவேளை, நான் எதையும் தூக்கிப்போடாத ஜாதி. பழைய டிஸ்க் ஒன்றில் அதன் இன்ஸ்டாலர் கிடந்தது. சேகர் மற்ற மெஷின்களையும் ஃபேனையும் அணைத்தான், இன்வெர்ட்டர் தாங்க வேண்டுமே. என் முதுகு வேர்வையில் ஊறியது. ஜெரோம் எழுந்து வந்து அந்த லேமினேஷன் அட்டையாலேயே எனக்கு விசிற ஆரம்பித்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

இன்ஸ்டாலரைக் கொடுத்தேன். முடியாது என்றது. "படிங்க" என்றார் மேடம். படித்தேன். இது 32 பிட், அதாவது பழைய ரக மெஷினுக்கான பேக்கேஜ், உன்னுடையது 64 பிட், புது ரகம் என்றது. சரி, பரவாயில்லை போ என்று வலுக்கட்டாயமாக ஏற்றினேன். ஏறிவிட்டது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. ரீடரை ஓடவிட்டேன். அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது.

யா அல்லாஹ்! இப்போதுதானே ஏற்றினேன்? ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன், கோப்பு குத்துக்கல் மாதிரி இருந்தது. மறுபடி ஓடவிட்டேன். இல்லை என்றது. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சாதிக்கிற மெஷினை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். அதே பதில். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையைக் குத்தினேன்.

"கையை எடுங்க" என்றார் மேடம். எடுத்தேன். "எந்தக் கோப்பு இல்லேன்னு சொல்லுது?"

"ரீடர் பேரைத்தான் மேடம் சொல்லுது. ஆனா ரீடர் இருக்கு."

"இருக்கிறதை இல்லைன்னு சொல்லாது. அப்ப வேற எதையோ தேடுது. எதைத் தேடும்?"

அவருக்கு அதன் பதில் தெரியாது. அவர் கேட்ட விதத்தில் எனக்குத் தெரிந்தது. பழைய 32 பிட் புரோகிராம் ஓட வேண்டும் என்றால், அதைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போக 32 பிட் துணைப் புரோகிராம் ஒன்று வேண்டும். எங்கள் மெஷினில் அது இல்லை. லினக்ஸ் அந்தத் துணையைத் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்கிறது, ஆனால் பெயரை மட்டும் ரீடர் பெயராகச் சொல்கிறது. இந்த ஒரு குழப்பத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

32 பிட் பேக்கேஜுகளையும் ஏற்றுக்கொள் என்று மெஷினுக்குச் சொல்லிவிட்டு, அந்தத் துணையை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். தெருவில் கரண்ட் இல்லாததால் பிராட்பேண்ட் செத்துக் கிடந்தது. சிம் கார்டு போட்டு நெட் எடுக்கும் சேகரின் டாங்கிளைச் செருகினோம். ஆபீஸ் உள்ளே சிக்னல் கிடையாது. நீளமான ஒயரில் மாட்டி, ஜன்னல் கம்பியில் நூலால் கட்டித் தொங்கவிட்டான். கீழே ஐஸ் கடைக்காரர், "இன்னாடா மேல, மீன் புடிக்கிறியா?" என்று கேட்டார். சேகர் டாங்கிளை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளினான்.

துணை இறங்கியது. ரீடரை ஓடவிட்டேன். இப்போது வேறு பல்லவி. இன்ன லைப்ரரி, அதாவது இன்ன துணைக் கோப்பு இல்லை என்று ஒரு பெயரைச் சொல்லி நின்றது. அதை இறக்கினால் அடுத்த பெயர். அதை இறக்கினால் அதற்கடுத்தது. ஒவ்வொரு பெயரையும் நான் வாய்விட்டுப் படிக்க, சேகர் ஜன்னலில் டாங்கிளைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க, ஜெரோம் விசிற, இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. கடைசியாக ஒன்று ஏறியதும் ரீடர் சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

"தொற பாய், தொற" என்று சேகர் குதித்தான். அந்த அவசரத்தில் பாரத்தின் மேல் இரட்டைக் கிளிக் செய்துவிட்டேன். ப்ளீஸ் வெயிட் என்று வந்தது.

சேகர் போட்ட கூச்சலில் கீழே இருந்து ஐஸ் கடைக்காரரே மேலே வந்துவிட்டார். அப்புறம்தான் புரிந்தது, இரட்டைக் கிளிக் செய்தால் மெஷின் தனக்குப் பழகிய பழைய ரீடரில்தான் திறக்கும். புதிதாகப் போட்டதில் திற என்று வலது கிளிக்கில் சொன்னேன். நீல நிறக் கட்டங்களோடு பாரம் முழுசாக வந்து நின்றது. அப்டேட் என்று எவனாவது கை வைத்தால் இத்தனை பாடும் வீண், அதனால்தான் அன்றைக்கே அந்தச் சீட்டை எழுதி ஒட்டினேன். இதுதான் புதுப் பசங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்.

கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஜெரோமின் மாலுமிப் புத்தகம், கப்பல்காரர்களுக்கு அது இன்னொரு பாஸ்போர்ட், வீட்டில் இருந்தது. ஜெரோம் போன் செய்ய, அவர் மனைவி ஸ்டெல்லா அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். திருவொற்றியூரில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவள், பாதி ஷிப்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஜெரோம் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மேடம் கேள்விகளைப் படித்தார், ஜெரோம் சொன்னார், நான் அடித்தேன். பெயர், பிறந்த தேதி, பழைய கப்பல்கள் எல்லாம் மளமளவென்று போனது. கடைசிப் பக்கம் வந்தது.

மேடம் படித்தார். "எப்போதாவது காண்ட்ராக்ட் முடியறதுக்கு முன்னாடி கப்பல்ல இருந்து திருப்பி அனுப்பப்பட்டது உண்டா? உண்டுன்னா, காரணம்."

ஜெரோம் விசிறிக்கொண்டிருந்த அட்டையை மேஜையில் வைத்தார்.

"நோ போடு பாய். எவன் பாக்கப்போறான்" என்றான் சேகர்.

"அவர் பாரம். அவர் சொல்லட்டும்" என்றார் மேடம்.

ஸ்டெல்லாவுக்கு இதில் என்ன யோசனை என்று புரியவில்லை. "அதான் கீதே, மலேரியா வந்து எறங்கினு வந்தியே, அத்த எழுத சொல்லு" என்றாள்.

"மலேரியா இல்ல ஸ்டெல்லா" என்றார் ஜெரோம். பிறகு என்னைப் பார்த்து, "யெஸ் போடு பாய்" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கப்பலின் அடியில் தண்ணீர் நிரப்பும் தொட்டி ஒன்றில் துரு சுரண்ட வேண்டும். நாள் கணக்கில் மூடிக் கிடந்த தொட்டி. உள்ளே காற்று சரியாக இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆளை இறக்க வேண்டும். அதிகாரி பார்க்கவில்லை, இறங்கு என்றார். "செக் பண்ணாம எறங்க மாட்டேன்னுட்டேன். அப்ப சூசைய எறங்க சொன்னான். தூத்துக்குடிப் பையன், என் கேபின்தான். சிரிச்சிகினே எறங்கினான். ஏறவே இல்ல." சொல் பேச்சு கேட்காதவன் என்று எழுதி, அடுத்த துறைமுகத்தில் ஜெரோமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மேடம், "எழுதுங்க காதர்" என்றார். ஜெரோம் சொன்னதை ஆங்கிலமாக்கி அடித்தேன். காரணக் கட்டம் சின்னது. நடுவில் எழுத்து ஏறாமல் நின்றுவிட்டது.

"சூசை பேரு வந்துச்சா?" என்றார் ஜெரோம்.

"எடம் இல்ல ஜெரோம். நீங்க ஏன் எறங்கலேன்ற வரைக்கும்தான் வந்திருக்கு."

"என்னோடத எடுத்துடு பாய். அவன் பேரு வரணும்."

அது அவருக்கு நல்லதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பக்கத்து நியாயம் அந்த ஒரு வரியில்தான் இருந்தது. கேட்கவில்லை. அதை எடுத்துவிட்டு, அந்தத் தொட்டியில் சூசை இறந்தான் என்று பெயரைப் போட்டேன். பெயர் சரியாக இடம் பிடித்தது.

"இத்தினி வருசமா ஏன்யா சொல்லல?" என்றாள் ஸ்டெல்லா.

"சொல்லியிருந்தா மறுபடியும் கப்பலுக்கு வுட்டிருப்பியா?"

பாரத்தின் அடியில் அனுப்பு என்ற பொத்தான் இருந்தது. இன்வெர்ட்டர் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மேடம் என்னைக் கையை எடு என்றும் சொல்லவில்லை, அனுப்பு என்றும் சொல்லவில்லை. நான் ஜெரோமைக் கேட்காமல் ஸ்டெல்லாவைக் கேட்டேன். "அனுப்பட்டுமாம்மா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நேரம் ஆவுது. அனுப்பு பாய்" என்றாள். ஜெரோம் பக்கம் திரும்பவே இல்லை. மாலுமிப் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஷிப்ட் இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள். அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது.

ஜெரோமுக்கு வேலைக்கான ஆர்டர் வந்துவிட்டது. காரணக் கட்டத்தைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்கவில்லை. கப்பல் எண்ணூர் துறைமுகத்துக்கே வந்தது. ஜெரோமின் காகிதங்களைக் கொடுக்க நானும் கேட் வரை போயிருந்தேன். ஸ்டெல்லா வந்திருந்தாள். அன்றைக்குப் பிறகு அந்தப் பேச்சையே அவள் வீட்டில் எடுக்கவில்லை என்று ஜெரோம் வழியிலேயே என்னிடம் சொன்னார். அதுதான் பாய் எனக்குப் பயமாக இருக்கிறது என்றார்.

கேட்டில் செக்யூரிட்டி அவர் பெயரைக் கூப்பிட்டார். ஜெரோம் பையைத் தூக்கினார். ஸ்டெல்லா அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மறுபடியும் அந்த மாரி எறங்க சொன்னா இன்னா பண்ணுவ?"

"மாட்டேன்னுதான் சொல்லுவேன்."

"அப்பால?"

"வூட்டுக்கு அனுப்பிடுவானுங்கோ."

"வா" என்றாள். "நேரா வூட்டுக்கு வா. ஆனா அப்பவும் மலேரியான்னு வந்து நின்ன, கதவ தொறக்க மாட்டேன்."